இருபத்தாறு சொட்டு

லிஃப்ட் மெக்கானிக் ஒரு கதை எழுதினார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். மீதி எல்லாம் விசாரணை.

கதை மூன்றே பக்கம். ஓர் அக்கா, ஒரு தம்பி, ஒரு கடிதம். அக்காவுக்குத் தையல் வேலை. ஒரு நாள் சாயங்காலம் மேஜையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருக்கும்போது கணவனிடமிருந்து கடிதம் வருகிறது. தனக்கு வேறு ஊரில் வேறு வீடும், அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளும் உண்டு என்றும், இனி வருவதற்கில்லை என்றும், தன் கறுப்புக் குடையை மட்டும் தபாலில் அனுப்பினால் உதவியாக இருக்கும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அக்கா படிக்கிறாள். நான்காக மடிக்கிறாள். பக்கத்தில் நிற்கும் தம்பியிடம், "அந்த ஜன்னலைச் சாத்துடா, துணி பறக்குது" என்கிறாள். கத்தரியை மறுபடி எடுக்கிறாள். கதை முடிந்தது.

நடந்ததும் அதேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜன்னலைச் சாத்தியவர் இந்த மெக்கானிக். அன்றிலிருந்து லிஃப்ட் குழிகளுக்குள் தொங்கிக்கொண்டு கம்பிக்கு எண்ணெய் போடும்போதெல்லாம் அந்த ஒரு வரியை யோசித்தார். யோசித்து யோசித்து ஒரு நாள் எழுதியும் விட்டார்.

எழுதியதை முதலில் அக்காவிடம் காட்டினார். அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே படித்து முடித்தாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள்.

"போடறதுன்னா போடு. ஆனா நான் சொன்னதுதான் இருக்கணும். அழுதேன், புரண்டேன்னு ஒரு வரி சேர்த்தே, இந்த வீட்டுப் படி ஏறாதே."

"நான் எதுக்குக்கா சேர்க்கப்போறேன்?"

"நீ சேர்க்கமாட்டே. சேர்க்க வைப்பாங்க. உனக்கு ஆபீஸரைக் கண்டாலே முட்டி தளர்ந்துடும்."

மெக்கானிக்குக்கு உலகத்தில் உறவென்று இருந்தது ஓர் அக்கா. ஏறுவதற்கென்று இருந்தது அந்த ஒரு படி. அதனால் சத்தியம் செய்துகொடுத்தார்.

வாரப் பத்திரிகை ஆசிரியருக்குக் கதை பிடித்திருந்தது. "நல்லா இருக்கு. நாலு நாள் தூங்கவிடாது. முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க, போட்டுடலாம்" என்றார். முத்திரை வாங்குவது என்றால் தபால் நிலையத்துக்குப் போய்வருவது மாதிரி ஏதோ ஒன்று என்று மெக்கானிக் நினைத்தார்.

முத்திரை தருவது கதைமாந்தர் உணர்ச்சி முறைப்படுத்தும் வாரியம். கதை படித்த சிலர், இந்த இடத்தில் என்ன உணர வேண்டும் என்று தெரியாமல் தவித்ததாக ஒருமுறை புகார் வந்ததாம். புகார் கொடுத்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்காக ஐந்து மாடிக் கட்டடம் எழுந்தது. வாரியம் உணர்ச்சிகளை எண்ணி, தரம் பிரித்து, முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசைகளில் ஓர் அட்டவணை போட்டது. விதி ஏழின்படி எந்தப் பாத்திரம் வாயைத் திறந்தாலும் நாலு சொல்லுக்குள் அதன் உடம்பில் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். விதி பத்தொன்பதின்படி உணர்ச்சி பதிவாகாத நிகழ்வு நடந்ததாகவே கொள்ளப்படாது.

முத்திரை பெற்ற கதைகளை வாரியம் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மெக்கானிக் ஒன்றைப் படித்துப் பார்த்தார்:

"'மணி என்ன?' என்று உதடு துடிக்க, நெஞ்சு விம்ம, ஒரு கையால் சுவரைப் பற்றியபடி அவள் வினவினாள். 'நாலரை' என்று கண்கள் சிவக்க, நரம்புகள் புடைக்க, மீசை படபடக்க அவன் முழங்கினான். 'ஓ' என்று தொண்டை அடைக்க அவள் விக்கித்தாள்."

அடுத்த பக்கத்தில் இருவரும் பேருந்து ஏறுகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதற்கு வாரியத்தின் முதல் பரிசு.

லிஃப்ட் வாசலிலும் ஒரு பலகை தொங்கியது. "லிஃப்ட் பழுது என்பது தழுதழுத்த குரலில், கனத்த இதயத்துடன் அறிவிக்கப்படுகிறது." மெக்கானிக் கதவில் காது வைத்துக் கேட்டார். மேலே ஏதோ ஒரு மாடியில் கதவு சரியாக மூடவில்லை, அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை. சொன்னார்.

"அதைச் சரிபண்ணினா பலகையை எடுக்கணும்" என்றார் வரவேற்பு எழுத்தர். "அது எங்க செயலாளர் கைப்பட எழுதினது. படிக்கட்டு அந்தப் பக்கம்."

பிறகு எழுத்தர் கதையைப் புரட்டினார். மூன்று பக்கத்தையும் புரட்டிவிட்டு, பின்பக்கத்தில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"ரியாக்ஷன் எங்கே?"

"எதுக்கு சார்?"

"கடிதம் வந்திருக்கு. அந்தம்மா படிச்சிருக்காங்க. அப்புறம்?"

"ஜன்னலைச் சாத்தச் சொல்றாங்க சார்."

"அது வசனம். நான் கேட்கிறது உடம்பு. புருவம் என்ன பண்ணிச்சு? கை நடுங்கிச்சா? கத்தரி கீழே விழுந்துச்சா? விழற பொருள் இருக்கற கதைக்கு நாங்க சீக்கிரமே கையெழுத்துப் போட்டுடுவோம்."

"விழலையே சார். கத்தரி நல்லா பிடிச்சிருந்தாங்க."

எழுத்தர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அட்டவணையில் வரிசை எண் எழுபத்து நாலு, இளக்காரம், கீழுதடு சற்றே பிதுங்கும். "கண்ணீர்ப் பிரிவு, ரெண்டாம் மாடி. அங்கே போய் அளவு வாங்கிட்டு வாங்க."

கண்ணீர்ப் பிரிவு அதிகாரியின் மேஜையில் கண்ணுக்கு மருந்து விடும் குழாய் ஒன்றும், கோடு போட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றும் இருந்தன. மனிதர் தலை நிமிரவில்லை.

"யாரு போனது?"

"அக்கா வீட்டுக்காரர் சார்."

"செத்துப் போனாரா, விட்டுட்டுப் போனாரா?"

"விட்டுட்டுத்தான் போனார்."

"அதை முதல்லயே சொல்ல வேண்டாமா? செத்தா நாப்பது சொட்டு. விட்டுட்டுப் போனா பதினெட்டுல இருந்து இருபத்தாறு. திரும்பி வர வாய்ப்பு?"

"அங்க ரெண்டு பிள்ளைங்க சார்."

"அப்ப இருபத்தாறு." எழுதிக்கொண்டார். "வலது கண்ணுல பதிமூணு, இடது கண்ணுல பதிமூணு. குடை கேட்டிருக்காரே, அனுப்பினாங்களா?"

"துணியைப் பிரிச்சு எடுத்துக்கிட்டு, கம்பியை மட்டும் அனுப்பினாங்க சார்."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. "இது கோபம். எங்க பிரிவு கிடையாது, மூணாம் மாடி. ஏங்க, சோகக் கதைன்னு சொல்லிக்கிட்டு கோபத்தை உள்ளே கடத்தப் பார்க்கிறீங்களா?"

"சார், எங்க அக்கா ஒரு சொட்டுகூட அழலை. எல்லாரும் கண்ணால பார்த்தது."

"எல்லாரும்னா?"

"நான்தான் சார்."

"நீங்க பார்த்தது எனக்கு எதுக்கு? பாருங்க தம்பி, இருபத்திரண்டு வருஷமா நான் இந்தச் சீட்ல இருக்கேன். என் மாமியார் போனப்போ எனக்குக் கண்ணீர் வரலை. உடனே குழாயை எடுத்து நாப்பதையும் விட்டுக்கிட்டேன். என் மனைவி அன்னிக்கு என்னைப் பத்தி எவ்வளவு பெருமைப்பட்டா தெரியுமா? உணர்ச்சிங்கறது ஒரு பொறுப்பு. வந்தாத்தான் விடுவேன்னு உட்கார்ந்திருக்கக் கூடாது."

மூன்றாம் மாடிக் கோபப் பிரிவு, குடையை ஆதாரமாக நேரில் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியது. நாலாம் மாடியில்தான் மாதிரி முகம் இருந்தார்.

மாதிரி முகம் என்பது பதவி. சந்தேகமான வசனங்களை அவரிடம் கொடுப்பார்கள். அவர் படித்து, முகத்தில் செய்துகாட்டுவார். இரண்டு பேர் அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்வார்கள். பதினோரு வருஷமாகத் திகைப்புக்கு ஆள் பற்றாக்குறை என்று அதையும் இவர் தலையிலேயே கட்டியதில், இடது புருவம் நெற்றிக்குப் பாதி தூரம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. சாயங்காலம் கடைக்குப் போய் எதை விலை கேட்டாலும் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். மருத்துவ விடுப்பு கேட்டு எழுதினார். விண்ணப்பத்தில் போதிய வேதனை தெரியவில்லை என்று திரும்பி வந்தது.

அவர் மூன்று பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தவுடன் அளவுகோல்காரர்கள் இருவரும் தயாரானார்கள். அவர் ஒன்றுமே செய்யவில்லை. பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல, லிஃப்ட் இறங்குகிற மாதிரி, அந்த இடது புருவம் கீழே வந்து கண்ணுக்கு மேல் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"இதுக்கு நான் செய்ய ஒண்ணும் இல்லை தம்பி" என்றார். "இது தானா நடந்துடுது."

அளவுகோல்காரர்கள் அப்போதே அறிக்கை எழுதினார்கள். மெக்கானிக் கொண்டுவந்த கதையால் அலுவலக முகத்துக்குச் சேதம். பயிற்சி பெற்ற புருவம் ஒன்று பயனற்றுப் போனது. கதையை விசாரணைக்கு அனுப்பவும், கதையில் வரும் அக்காவை நேரில் அழைத்து, அதே கடிதத்தை மறுபடி படித்துக்காட்டி, உண்மையான உணர்ச்சியைச் சரிபார்க்கவும் பரிந்துரை.

வீட்டில் அக்கா மிஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கறுப்பு உறை. மெக்கானிக் வாசலில் நின்றபடியே அழைப்பாணையை நீட்டினார். படி ஏறலாமா என்பது அவருக்கே தெளிவாகவில்லை.

"எத்தனை சொட்டுன்னான்?"

"இருபத்தாறு."

"ரெண்டு கண்ணுலயும் சேர்த்தா?"

"ஆமாக்கா."

"பரவாயில்லை, கணக்காத்தான் இருக்கான்." உறையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "டேய், அன்னிக்கு மேஜை மேல என்ன துணி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"வெள்ளை."

"ஆஸ்பத்திரி நர்ஸுங்க சீருடை. நாப்பது செட்டு. மறுநாள் காலையில கொடுக்கணும். வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விழுந்தாலும் இஸ்திரி போடும்போது திட்டா தெரியும். இருபத்தாறு விழுந்திருந்தா யாருடா துவைக்கிறது, நீயா?"

"அதையே அங்க சொல்லேன் அக்கா. முத்திரை குத்திடுவாங்க."

"அதை எதுக்கு அவன்கிட்ட சொல்லணும்? உன்கிட்டயே பன்னெண்டு வருஷமா சொல்லலையே. உள்ளே வா. அங்கேயே நிக்கிறே, கொசு வருது."

விசாரணை ஐந்தாம் மாடியில். அக்கா நடுவில் இருபது படிக்கு ஒரு தடவை நின்று, "லிஃப்ட் மெக்கானிக்கைத் தம்பியா வச்சுக்கிட்டு நான் படி ஏறணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நீள மேஜைக்குப் பின்னால் தலைவர் நடுவில் இருந்தார். வலப்பக்கம் சட்ட ஆலோசகர். இடப்பக்கம் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார், மற்றவர் அவருக்கும் சேர்த்துத் தலையாட்டினார். உயரத்தில் ஒரு மின்விசிறி எல்லாக் காகிதங்களையும் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரையாற்றினார்.

"வாசகன் யார்? ஒரு குழந்தை. அவன் கையில வெறும் வசனத்தைக் கொடுத்துட்டு நாம ஒதுங்கிக்கிட்டா என்ன ஆகும்? அவன் தானாவே எதையாவது உணர்ந்துடுவான். தானா உணர ஆரம்பிச்ச ஆளை அப்புறம் யார் அடக்கறது? இன்னிக்கு ஒரு ஜன்னலைச் சாத்தினதுக்கு உணருவான். நாளைக்கு ஒருத்தர் பேசாம இருந்ததுக்கு உணருவான். அப்புறம் இந்த அஞ்சு மாடி எதுக்கு, நான் எதுக்கு, இந்த நாற்காலி எதுக்கு? என்மேல சிலர் குற்றம் சொல்றாங்க, பத்து வருஷமா தலைவரா இருக்கேன், ஒரு கதைகூட முழுசாப் படிச்சதில்லைன்னு. ஆமாம், படிச்சதில்லை. அதனாலதான் என்னால பாரபட்சமில்லாம தீர்ப்புச் சொல்ல முடியுது. படிக்கிறவன் மயங்கிடுவான். நான் மயங்கினதே கிடையாது."

கைதட்டல் எழுந்தது. தூங்கிய உறுப்பினர்தான் முதலில் தட்டினார்.

பிறகு சட்ட ஆலோசகர் கடிதத்தை உரக்கப் படித்தார். வேறு வீடு. இரண்டு பிள்ளைகள். இனி வருவதற்கில்லை. கறுப்புக் குடை. நாலு பேனாக்கள் காத்திருந்தன. தலையாட்டும் உறுப்பினர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு அக்காவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து பார்த்தார். அக்கா அவரைத் தாண்டித் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றாள். "உங்க சட்டையில தோள்பட்டைத் தையல் விட்டிருக்கு. இன்னும் ரெண்டு தடவை கையைத் தூக்கிப் பேசினீங்கன்னா முழுக்கக் கிழிஞ்சுடும். கழட்டிக் கொடுத்தா இங்கேயே தைச்சுடுவேன்."

அட்டவணையைப் புரட்டினார்கள். ஒன்று முதல் முந்நூற்றுப் பன்னிரண்டு வரை புரட்டினார்கள். சட்ட ஆலோசகர் எழுந்தார்.

"விதி பத்தொன்பது. உணர்ச்சி எதுவும் பதிவாகலை. ஆகவே நிகழ்வும் நடக்கலை. இவங்க கணவர் இவங்களை விட்டுட்டுப் போகலை, இன்னும் வீட்லதான் இருக்கார்னு வாரியம் முடிவு செய்யுது. தீர்ப்பு பதிவாயிடுச்சு. கதை வேணும்னா இருபத்தாறு சொட்டைச் சேர்த்து எழுதிக்கிட்டு வரட்டும், அப்ப போனதா வச்சுக்கலாம்."

"வீட்லயா இருக்கார்?" என்றாள் அக்கா. "பார்த்தா சொல்லுங்க, பூட்டை மாத்தியாச்சுன்னு."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். எதிரில் பேனா இருந்தது. ஒரே ஒரு வரி. 'கண்ணீர் மல்க' என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும், கதை அச்சில் வந்துவிடும். முட்டி அக்கா சொன்ன மாதிரியே தளர்ந்திருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தும் விட்டார். அக்கா அதைப் பார்த்தாள். மெக்கானிக் மூடியைத் திரும்ப மாட்டினார்.

"சேர்க்கமாட்டேன் சார்" என்றார். குரல் எப்படி இருந்தது என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அப்போது கதவு திறந்தது. வயதான அலுவலக உதவியாளர், ஐந்து மாடி ஏறிய மூச்சிரைப்போடு, மேலிடத்து உறை ஒன்றைத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் பிரித்துப் படித்தார். வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து வாரியம் கலைக்கப்படுகிறது. கட்டடம் தானியக் கிடங்குக்கு. தலைவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். சட்ட ஆலோசகர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்து, பாதியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தலைவர் காகிதத்தை நான்காக மடித்தார்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்றார். "பேப்பர் பறக்குது."

யாரும் அசையவில்லை. அக்காதான் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். வந்து உட்கார்ந்தாள். அந்த அறையில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் தலைவர் ஒரு மனிதர் மாதிரி இருந்தார்.

அதற்குள் சட்ட ஆலோசகர் துள்ளி எழுந்தார்.

"ஐயா! நீங்க அழலையே!"

"என்ன?"

"பதவி போனா தலையில கை, தளர்ந்து சாய்தல், ஒன்பது சொட்டு. வரிசை எண் இருநூத்தி ஒண்ணு. நீங்க எதுவுமே பண்ணலை! உணர்ச்சி பதிவாகலை. அப்ப இந்த உத்தரவே வரலை! பத்து நிமிஷம் முன்னால இந்தம்மா வழக்குல நாமே தீர்ப்பு சொல்லியிருக்கோம், இதே அறையில, இதே விதி!"

தலைவரின் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது. நெஞ்சு விரிந்தது. தோள்பட்டைத் தையல் மீதமும் விட்டது.

"உறுதியா நிக்குமா?"

"நிக்கும். ஆனா ஒண்ணு." சட்ட ஆலோசகர் மெக்கானிக்கின் மூன்று பக்கத்தை இரண்டு கையாலும் எடுத்தார். "முன்தீர்ப்பு இந்தக் கதைதான். இது எழுதினது எழுதினபடியே இருக்கணும். இதுல யாராவது ஒரு சொட்டுச் சேர்த்தா, அந்தம்மா அழுததா ஆயிடும். அழுதா அவர் போனதா ஆயிடும். அவர் போனா தீர்ப்பு போச்சு. தீர்ப்பு போனா நாமும் போனோம்."

தலைவர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். முகத்தில் கருணை வழிந்தது.

"தம்பி, உங்க கதையைப் படிச்சப்பவே எனக்குத் தெரியும், இது சாதாரணக் கதை இல்லைன்னு. ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது. மாத்தினா உங்க மேல நடவடிக்கை எடுப்பேன்."

மூன்று பக்கத்திலும் முத்திரை விழுந்தது. பின்பக்கத்திலும் விழுந்தது. தூங்கிய உறுப்பினர் தன் டம்ளர் மேலும் ஒன்று குத்திக்கொண்டார்.

கதை அடுத்த வாரமே அச்சில் வந்தது. எழுதியது எழுதியபடி. அடியில் மட்டும் சின்ன எழுத்தில், வாரியத்தின் கட்டாயக் குறிப்பு: "இக்கதையில் எதுவும் நடக்கவில்லை." வாரியம் இன்றும் இருக்கிறது. மேலிடம் ஆறு முறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டது. ஒவ்வொன்றையும் தலைவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படிக்கிறார்; சலனம் வராமல் பார்த்துக்கொள்ள ஆறாம் மாடி கட்டுகிறார்கள். மாதிரி முகத்தாருக்கு அங்கே வேலை. அவருடைய இறங்கிய புருவம் இப்போது வாரியத்தின் முக்கியமான உடைமை.

பத்திரிகையை மெக்கானிக் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலைக்கு நடுவில் போனதால் கையெல்லாம் கிரீஸ். அக்கா நின்றுகொண்டே படித்தாள். நான்காக மடித்தாள்.

"பக்கம் பூரா கறை. கையைக் கழுவிட்டு எடுத்து வந்தா என்ன?"

"அவசரத்துலக்கா."

"சரி, உட்காரு."

உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். பாதி தைத்த துணி ஊசிக்கடியில் இருந்தது. மெக்கானிக் கூடத்தில் உட்கார்ந்து மிஷின் ஓடும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது ஓடவில்லை. கால்மணி நேரம் ஓடவில்லை.

அதை மட்டும் அவர் எங்கும் எழுதவில்லை. எழுதினால் அது அட்டவணையில் முந்நூற்றுப் பதிமூன்று ஆகிவிடும்.